காலியானதை நீக்கும் பதிப்பு

திண்டிவனம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரிட்டோ தன் இலவசப் புரோகிராமின் புதிய பதிப்பை இணையத்தில் ஏற்றிய அன்று, செஞ்சியில் காலியாகக் கிடந்த அறைகள் எல்லாம் காணாமல் போயின. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, சுண்ணாம்புகூட அடித்திருந்தது. கோட்டைக்குள் இருக்கும் களஞ்சியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் வவ்வால்கள் குடியிருந்தன. ஓட்டை வாளியோ கால் உடைந்த நாற்காலியோ கிடந்த அறைகளும் தப்பித்தன. வெள்ளையடிக்கச் சாமான்களையெல்லாம் கீழே இறக்கிவைத்திருந்த லாட்ஜ்காரர் ரங்கநாதனுக்குத்தான் மாடியே போயிற்று. முகூர்த்த மாதத்தில் இப்படி வயிற்றில் அடித்துவிட்டானே என்று கடை வாசலில் நின்று கத்தினார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

புரோகிராமைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் பரணில் தூக்கிப்போட்டுவிட்ட பழைய கம்ப்யூட்டர்களில் கோப்புகளை இடம் மாற்றவும் ஃபோல்டர்களை ஒழுங்காக வைக்கவும் உதவும் சின்ன சமாச்சாரம் அது. பிரிட்டோ கல்யாணத்துக்கு முன்பே எழுதியது. காலணா வாங்கியதில்லை. ஊர்பேர் தெரியாதவர்கள் எங்கெங்கோ அதை வைத்து வேலை பார்த்தார்கள். அவர்கள் கேட்டார்கள் என்றுதான், உள்ளே ஒன்றும் இல்லாத ஃபோல்டர்களைத் தானாகவே நீக்கும் வசதியைப் புதிதாகச் சேர்த்தான். நல்லது செய்யப் போய் வந்த வினை.

போன அறைகளில் அவன் மகள் அருள்ஜோதியின் அறையும் ஒன்று. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, மூன்றாவது வகுப்பைக்கூட முடிக்காமல் போய்ச் சேர்ந்த பிள்ளை. முதல் வருட நினைவுப் பூசை முடிந்ததும், சாமியார் சொன்னதைக் கேட்டு, தாய் வெரோனிகா கட்டில், துணிமணி, புத்தகப்பை எல்லாவற்றையும் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வெறும் அறையில் உட்கார்ந்துதான் தினமும் செபமாலை சொல்வாள். ஒரு ஹேர்பின்னையாவது வைத்துக்கொண்டிருந்தால் அறை தங்கியிருக்கும். மனசாரக் கொடுத்தவளுக்குத்தான் போயிற்று, இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல. விளக்குமாற்றோடு சுவருக்கு முன்னால் நின்று, "இன்னாங்க, பாப்பா ரூமக் காணோம்" என்றாள். பிரிட்டோவுக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த வாரமே திருத்தி, காலி ஃபோல்டர்களைத் தொடாத பதிப்பு ஒன்றை ஏற்றினான். உலகத்தில் யாராவது அதை இறக்கிக்கொள்ளும்போதெல்லாம் செஞ்சியில் போன அறைகள் ஒரு விரல்கடை அகலம் திரும்பி வந்தன. ஆனால் பழைய கம்ப்யூட்டர்காரர்கள் லேசில் எதையும் மாற்றுகிற ஜாதியா? ஓடுவதை நோண்டுவானேன் என்று இருந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினான் பிரிட்டோ. காரணம் கேட்டவர்களிடம் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னான். ரங்கநாதன் தன் அறைகள் பாய் விரிக்கும் அளவுக்கு வந்ததுமே வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார்.

வருடங்கள் போயின. அருள்ஜோதியின் அறை முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. மிச்சமிருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை, சிலர் உயிரோடு இருக்கிறார்களோ என்னவோ. கட்டில் கிடந்த பக்கம் மட்டும் வரவே இல்லை. வந்த மட்டுமாவது மறுபடி போய்விடக் கூடாது என்று பிரிட்டோ ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஸ்டூல் எதுக்குங்க, நான் இருக்கேன்ல" என்றாள் வெரோனிகா.

அன்றிலிருந்து அவளுக்கு வாசம் அந்த அறையில்தான். வராத பக்கத்தை மறைத்து நிற்கும் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். மழைக்காலத்து சாயங்காலங்களில், ஒரு பிள்ளை படுத்திருக்கும் நீளத்துக்கு அந்தச் சுவர் கொதிக்கிறது. அவள் துணியை நனைத்து அதில் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள், பிரிட்டோ கடையைச் சாத்திவிட்டு வந்து தண்ணீரை மாற்றிக் கொடுக்கிறான். கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடுகிறது. அதன் பிறகுதான் இரண்டு பேரும் சாப்பிட உட்காருகிறார்கள்.