முந்திக்கொண்ட கை

...புரையையும் எடுத்து, கண் அழுத்தத்தையும் இறக்கி, அதுவும் ஒரே மேசையில் படுத்தபடியேவா, பேரன் பிறந்த அன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லையே என்று பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் முதுகு நாற்காலியில் சாயவில்லை, அது யார் முன்னாலும் சாயாத முதுகு. டாக்டரம்மா மேசைமேலிருந்த பிளாஸ்டிக் கண் மாதிரியைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். புரையை எடுத்து லென்ஸ் வைப்பது இரண்டு வழிக்கும் பொது, அதோடு வெள்ளை விழியில் சின்ன வாசல் திறந்து நீரை வடியவிட்டால் அழுத்தம் நன்றாக இறங்கும், ஆற நாளாகும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும். முடியளவு குழாய் பொருத்தினால் சீக்கிரம் ஆறிவிடும், அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது... எது? எதுவானால் என்ன, மறுபடி தெளிவாகப் பார்க்கலாம், தங்கை மகள் கல்யாணத்தில் எல்லோரும் பார்க்க ஒதுங்கி நின்ற தம்பியின் முகத்தைக்கூட, அவனே வந்து பேசினால். "நரம்பு வெளுத்த மாதிரி இருக்கு, ஆனா பொத்தான் பரிசோதனை நல்லா வந்திருக்கு. இது சரின்னா ஓரப் பார்வை பெரிசா போகல, குழாயே போதுங்க" என்றார் டாக்டரம்மா. "பார்த்தியா? நம்ம வீட்டுக் கண்ணு!" என்றார் பெரியவர், பக்கத்தில் நின்ற மகளிடம். "நேத்து கதவுல இடிச்சுக்கிட்டது யார் வீட்டுக் கண்ணுப்பா?"

இது சரின்னா... அந்தச் சொல் ஏன் இப்படிக் குத்துகிறது, கிண்ணம் போன்ற இயந்திரத்தில் முகவாயை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், பக்கத்து இயந்திரத்துக்காரர் டக் டக்கென்று அழுத்துகிறார், பின்னால் மகள் நிற்கிறாள், அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தோற்பதா, ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இயந்திரம் சன்னமாக முனகும், முனகலுக்கெல்லாம் அழுத்திவிட்டார், ஜெயித்தும்விட்டார்! யாரை? போன பார்வை திரும்பாதாம், குழாய் போதாமல்போனால் மிச்சமும் போய்விடும், அப்புறம் மகள் கையைப் பிடித்து நடக்கும்போது எந்த மானம் மிஞ்சும்? தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா... அந்தப் பரிசோதனைய இன்னொரு தரம் வெச்சுக்கலாமா? போன தடவை கை கொஞ்சம் முந்திக்கிச்சு." மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தெரியலேன்னா சும்மா இருங்க, அதுவும் பதில்தான். நிறைய போயிருந்தா வாசலே திறந்துடலாம்."

மறுபடி அதே இருட்டறை, அதே கிண்ணம், முனகல் கேட்டது, புள்ளி இல்லை, விரல் துடித்தது, அடக்கினார், மறுபடி முனகல், இடப்பக்கம் முழுக்க ஒன்றுமே இல்லை, இருட்டுகூட இல்லை, அங்கே ஒரு பக்கம் இருப்பதாகவே தெரியவில்லை, ஆனாலும் மனம் என்னவோ குதிக்கிறது, உண்மை தெரிந்துவிட்டது, வாசல் திறக்கட்டும், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம்... அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு தம்பி, பக்கத்துல வந்து நின்னு "அண்ணே"ன்னு கை நீட்டினேன், பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னானாமே, மேளச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை, பொய் சொல்கிறான், கிட்டவே வரவில்லை என்று சபையில் அடித்துச் சொன்னாரே, அதன்பின் இரண்டு வீடும் பேசிக்கொள்ளவில்லையே... முனகல் கேட்டது, பொத்தான்மேல் விரல் அசையாமல் கிடந்தது, நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது... எந்தப் பக்கம் நின்றான் அவன்?