அனோஜா வாசகம் வாசித்த ஞாயிறு

என் மகள் அனோஜாவுக்குப் பதினொரு வயது. அவளைச் சோதித்த உளவியலாளர், சொல்சாராக் கற்றல் குறைபாடு என்று சொன்னபோது என் கணவர் சீமோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உவள் வாயை மூடினால்தானே," என்றார். விஷயமே அதுதான். சொற்களில் அவள் ராணி. சொற்கள் இல்லாத இடங்களில்தான் திண்டாடுவாள்: முகங்கள், வரைபடங்கள், கதவுக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தூரம். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போனால் வேறொரு வகுப்புக்குத் திரும்பி வந்து, அங்கேயும் கையை உயர்த்திப் பதில் சொல்லுவாள்.

எங்கள் ஆட்கள் பிள்ளைகளைக் கண்ணால் வளர்ப்பவர்கள். இரண்டாவது கேக் துண்டை எடுக்காதே என்பதற்கு ஒரு பார்வை, எழும்பு போவோம் என்பதற்கு இன்னொன்று. நான் கண்ணை உருட்டினால், தூசி விழுந்துவிட்டதா என்று அனோஜா எல்லோருக்கும் கேட்க விசாரிப்பாள். ஆகவே வாயால் சொல்லப் பழகினேன். "அந்தத் துண்டை எடுக்காதே, அன்ரி எங்களைப் பட்டினி ஆக்கள் எண்டு நினைப்பா." கண்ணுக்குள் இருந்தவரை கண்ணியமாகத் தெரிந்தவை, வாய்க்கு வந்ததும் எவ்வளவு அற்பமாக இருந்தன.

நாங்கள் குடியேறிய வெக்ஸ்போர்டில் எங்கள் தமிழ்ப் பூசை ஞாயிறு பின்னேரம். அதில் வேதாகம வாசகம் வாசிக்கும் பிள்ளைகளைத் தெரிவுசெய்வது மக்டலீன் ரீச்சர். மற்றப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கும்போது, அனோஜா தமிழிலேயே தடுமாறாமல் வாசிப்பாள். ஆனால் ஒத்திகையன்று வாசக மேடைக்குப் போகாமல் நேரே பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் போய்விட்டாள். இந்த ஞாயிறு சரிவந்தால் மாதாமாதம் அவளே வாசிக்கலாம், இல்லாவிட்டால் வேறு பிள்ளைக்குத்தான் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். காரில் வீடு வரும்வரை அனோஜா அந்த வாசகத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வழியைச் சொற்களாக்கிக் கொடுத்தேன். எங்கள் கோயிலில் ஆளுக்கொரு இடம். எழுதிக் கொடுத்த காணிபோல ஒவ்வொரு ஞாயிறும் அதிலேயே இருப்பார்கள். சிலைகளைவிட ஆட்களை நம்பலாம். நடுப்பாதையால் நேரே போ, எமில்டா அன்ரியின் மை பூசிய கொண்டை வந்ததும் உன் காப்புப் போட்ட கைப்பக்கம் திரும்பு, மூக்குடைந்த அந்தோனியாரைக் கடந்து படி ஏறு. வீட்டுச் சோபாக்களைக் கோயில் வாங்கு வரிசைகளாக்கி நடந்து நடந்து பாடமாக்கினாள்.

ஞாயிறு வந்தது. மனதுக்குள் சொல்லிக்கொண்டு போ என்று நான் சொல்ல மறந்திருந்தேன். அமைதியான கோயிலில் அவள் எல்லாவற்றையும் உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். எமில்டா அன்ரியின் கை தானாகத் தலைக்குப் போனது. அந்தோனியாருக்கும் மரியாதை கிடைக்கவில்லை. ஆனால் மேடையில் ஏறி அவள் வாசித்தபோது கைக்குழந்தைகள்கூட அழவில்லை. "இறைவா உமக்கு நன்றி" என்று தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொன்னேன்.

அவள் இறங்கவில்லை.

"அம்மா, போற வழிதானே சொன்னனீங்கள்," என்றாள் மைக்கில்.

என் கணக்கில், போனவள் அதே வழியால் திரும்பி வருவாள். அவளுக்குத் திரும்புவது புதுவழி, இடமெல்லாம் வலமாகிவிடும். இதை ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்துகிறவள் நான். அப்போதும் முதலில் அசைந்தது என் கண்தான்.

"கண்ணால சொல்லாதேங்கோ. எனக்கு விளங்கேல்ல."

சீமோன் நிலத்தைப் பார்த்தார். நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளையல்ல, பூசை முடிந்து கார் நிற்கும் இடத்தில் பெண்கள் என்ன கதைப்பார்கள் என்பதை. அனோஜா பயப்படவில்லை, பதிலுக்காக நின்றாள், அவ்வளவுதான். பயந்தது நான்.

எழும்பினேன். மேடையிலிருந்து பார்த்தால் கொண்டைகள் இல்லை, முகங்கள் மட்டும்தான். முகங்களை வைத்து அவளுக்கு வழி சொல்ல முடியாது.

"படியால இறங்கி என்ரை குரலுக்கு வா. நான் கதைச்சுக்கொண்டே நிக்கிறன்."

கதைக்க வேண்டும், என்னத்தை? செபமொன்றும் வாயில் வரவில்லை. இறாலை வெளியில் எடுத்து வைக்க மறந்ததைச் சொன்னேன். பொரிப்பதா குழம்பு வைப்பதா என்று கேட்டேன். அப்பா காரைச் சுவாமியாரின் இடத்தில் விட்டிருப்பதைச் சொன்னேன். பீடத்தில் இருந்த சுவாமியார் தலை நிமிர்ந்து சீமோனைத் தேடினார். அனோஜா ஒரு வாங்கில் இடித்து, மன்னிப்புக் கேட்டு, காதைச் சாய்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"காணும் அம்மா, நிப்பாட்டுங்கோ. வந்திட்டன். பூசை நடக்குது."

மறுபடி அமர்ந்தேன். பின் வாங்கிலிருந்து மக்டலீன் ரீச்சர் என் காதருகே குனிந்தார்.

"அடுத்த மாசம் நீர் முன் வாங்கில இரும். உவ்வளவு தூரத்துக்கு இறால் கதை தேவையில்லை."