ஆடியில் வந்த அம்மை

வெள்ளம் வடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திருவொற்றியூர் கடலோரக் குப்பங்களில் பாதி வீட்டில் பேதி. அந்தச் சிறிய தனியார் ஆஸ்பத்திரியின் வாசலில் வரிசை தெருவரை நீண்டிருந்தது. மாத்திரை போட்டுக் கொடுக்கும் உறைகள் காலையிலேயே தீர்ந்துவிட்டதால், கம்பவுண்டர் ஜாபர் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் கிழித்துப் பசை தடவி மடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மங்கைக்கா, கூலிங் கிளாஸெல்லாம் போட்டுகினு ஸ்டைலா கீற?"

"வெளிச்சம் பட்டா கண்ணு எரியுது நைனா. ஆடி மாசம் ஆத்தா வந்தாளே, அவ வச்சிட்டுப் போனது."

ஊசி போடும் அறையிலிருந்த நர்ஸ் ஷரீஃபுன்னிசாவுக்குக் கை நின்றது. எட்டிப் பார்த்தாள். மீன் விற்கும் மங்கை, மாமியார் பவுனம்மாளோடு உறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். கழுத்திலும் கையிலும் தீய்ந்தாற்போல் கருந்திட்டுகள். விரல் நகங்கள் இப்போதுதான் பாதி முளைத்திருந்தன.

நான்கு மாதத்துக்கு முன் நீர்க்கடுப்பு என்று வந்தவளுக்கு டாக்டர் கருணாகரன் கிருமியைக் கொல்லும் சல்ஃபா மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்தாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு வெந்து ரத்தம் கட்டியிருந்தது. கண் திறக்கவில்லை. ஷரீஃபுன்னிசா முதுகைத் தாங்கிப் பிடித்தபோது தோல் நனைந்த காகிதம் போல அவள் உள்ளங்கையோடு வந்தது. பத்தொன்பது வருஷ வேலையில் எத்தனையோ அம்மை பார்த்தவள். இது அம்மை இல்லை.

டாக்டருக்கும் தெரிந்தது. முதல் வேலையாக அந்த மாத்திரையைத்தான் நிறுத்தச் சொன்னார். அதற்குள் பவுனம்மாள் கட்டிலைச் சுற்றி வேப்பிலை செருகிவிட்டாள். ஆடி மாதம், உடம்பெல்லாம் கொப்புளம். வேறு என்னவாக இருக்க முடியும்? ஆத்தா வந்த உடம்பில் ஊசி குத்தக் கூடாது, வீட்டுக்குக் கொண்டு போகிறோம் என்றாள்.

ஷரீஃபுன்னிசா அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துவந்து டாக்டரின் மேஜையில் வைத்தாள். மருந்தால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் எழுதி அனுப்ப வேண்டிய படிவம். அந்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த ஒருநாள் வகுப்புக்குப் போனபோது இருபது தாள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். நிச்சயமாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும், நர்ஸும் எழுதலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"அவங்களே அம்மைங்கிறாங்க. நாம ஏன் சிஸ்டர் மறுக்கணும்? சாமி பேரைச் சொன்னா எவனும் சண்டைக்கு வர மாட்டான். சீட்டுல அம்மைன்னு எழுதி அனுப்பிடுங்க."

எழுதினாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். மங்கை பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, கோயிலில் கூழும் ஊற்றினார்களாம். டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஷரீஃபுன்னிசாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது வரிசையை விலக்கிக்கொண்டு ஓடி, வாசல் தாண்டுவதற்குள் மங்கையின் கையைப் பிடித்தாள்.

"மாத்திரையைக் காட்டு."

அதே மாத்திரை. பேதிக்கு இன்று எல்லோருக்கும் அதுதான். டாக்டர் நிமிர்ந்து மங்கையின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தாலும் சீட்டில் இருப்பது அம்மை.

"முழுங்கினியா?"

"இல்ல சிஸ்டர். கஞ்சி குடிச்சிட்டுத்தான் போடணும்."

மாத்திரைகளைத் தன் கையில் கொட்டிக்கொண்டு உறையைப் பார்த்தாள். அந்தப் படிவத்தின் கால்வாசித் துண்டு. எந்த மருந்தின்மேல் சந்தேகம் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட கட்டத்துக்குள் ஜாபர் 'காலை 1, இரவு 1' என்று எழுதியிருந்தான். அவளுக்கு ஜாபர்மேல் கோபமில்லை. நான்கு மாதம் அந்தத் தாள்கள் அவள் அலமாரியில்தான் கிடந்தன.

"இத முழுங்காதே. ஆடியில உனக்கு வந்தது அம்மை இல்ல. இந்த மாத்திரையால வந்தது. மறுபடி போட்டா பொழைக்க மாட்டே."

பவுனம்மாள் முன்னால் வந்தாள். "இன்னாம்மே பேசற? ஆத்தாவப் பொய்யின்றியா? உங்க வூட்ல ஆத்தா கெடையாது, உனக்கு இன்னா தெரியும்?"

"ஆத்தா பொய் சொல்லலம்மா. நான்தான் பொய் எழுதினேன்."

மங்கை கண்ணாடியைக் கழற்றினாள். இமை மயிர் இல்லாத சிவந்த கண்கள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு?"

"தெரியும்."

மங்கை திரும்பி, வாசலில் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரில் காறித் துப்பினாள். ஆனால் போகவில்லை.

ஷரீஃபுன்னிசா உள்ளே போய் ஜாபரின் மேஜையைக் கிளறினாள்.

"இந்தத் தாள் இன்னும் இருக்கா?"

"எல்லாம் உறையாப் போச்சுக்கா. பெரிய தாளு, ஒண்ணுல நாலு வந்துச்சு."

பசைக் கிண்ணத்தின் அடியில் ஒன்று மிஞ்சியிருந்தது, நடுவில் வட்டமாகப் பசைக் கறையோடு. அவள் மங்கையின் சீட்டை வாங்கி, தன் அழகான கையெழுத்தைச் சிவப்பு மையால் அடித்தாள். சல்ஃபா கொடுக்கக் கூடாது என்று பெரிதாக எழுதினாள். பிறகு படிவத்தை விரித்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்து நின்றார். தாளைப் பார்த்தார்.

"இதுல யார் கையெழுத்து போடப் போறா?"

"நான்தான் சார். நர்ஸும் போடலாம்."

"நாளைக்கு வேலைக்கு வர்ற ஐடியா இருக்கா, இல்லையா?"

அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மங்கை வரிசையைத் தாண்டி உள்ளே வந்து, டாக்டரைப் பார்க்காமல் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தாள்.

"நகம் வுயுந்ததையும் எழுது சிஸ்டர். பத்தும் வுயுந்துச்சு."