பனியாற்றின் மேல் ஒரு சுற்று மாத்தே

கையில் பிளாஸ்க்கோடு யாரும் பனியில் ஏறக் கூடாது என்று வழிகாட்டிப் பெண் ஐலின் சொன்னதுதான் தாமதம், துராஸ்னோ ஊர் ஓய்வூதியர் சங்கம் மொத்தமும் கொதித்து எழுந்துவிட்டது. பின்னே? உருகுவேக்காரன் தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நடக்கிறான். இந்தக் கையில் மாத்தே என்கிற கசப்பு இலைச் சாற்றைக் குழல் வைத்து உறிஞ்சும் குடுவை, அந்தக் கக்கத்தில் அதற்கு ஊற்றும் வெந்நீர். கல்யாணத்துக்கும் அப்படித்தான், சாவுக்கும் அப்படித்தான். எல்லை தாண்டி அர்ஜென்டீனாவின் தெற்குக் கோடிக்குச் சுற்றுலா வந்தால் மட்டும் மாறிவிடுமா?

"ரெண்டு கையும் சும்மா இருக்கணும்மா. சறுக்கினா ஊன்றதுக்குக் கை வேண்டாமா?" என்றாள் ஐலின். "நாங்களும் மாத்தே குடிக்கிறவங்கதான். அதுக்காக அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு அலையறதில்ல."

"அதான் உங்க ஊர் மாத்தே கழுநீர் மாதிரி இருக்கு," என்றாள் மிர்த்தா. சங்கத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது.

கடைசியில் ஒரே ஒரு பிளாஸ்க்கை மட்டும் முதுகுப் பையில் வைத்து எடுத்துப் போகலாம் என்று ஐலின் இறங்கி வந்தாள். யாருடையது என்ற கேள்வியே எழவில்லை. ஒரே குடுவையில் ஆள் மாற்றி ஆளுக்குச் சுற்றாக ஊற்றிக் கொடுப்பவள் ஸுல்மா, ஆகவே ஸுல்மாவுடையது. யாருடைய பையில் என்பதுதான் வம்பு. காலியான பை ஒருவரிடம்தான் இருந்தது.

"என் பைல இடம் இருக்கு," என்றார் எல்பியோ.

ஸுல்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "மிர்த்தா, அந்த ஸ்பெயின்காரர்கிட்ட சொல்லு. மூடி லூசு, நிமிர்த்தி வைக்கணும்."

"அவரு இங்கதான்டி நிக்கிறாரு. நீயே சொல்லேன்."

"நீ சொல்லு."

மூன்று நாளாக இதே கதைதான். பேருந்து புறப்பட்ட முதல் நாள், ஸுல்மா ஊற்றிய முதல் மாத்தேயை எல்பியோ உறிஞ்சிக் குடித்துவிட்டு, குடுவையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி" என்றார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. குடுவையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால், எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். எங்கள் ஊரில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். நாற்பது வருடம் ஸ்பெயினின் வலென்சியாவில் கதவு திறந்தவனுக்கும் கணக்குப் பார்த்தவனுக்கும் நன்றி நன்றி என்று சொல்லிச் சொல்லி மனிதருக்கு நாக்கு தடம் மாறிவிட்டது. ஸுல்மாவுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும், அடுத்த சுற்றில் அவரைத் தாண்டிப் போனாள். அதற்கு அடுத்த சுற்றிலும் தாண்டினாள். போதும் என்றவருக்கு ஊற்றக் கூடாது, அதுதானே முறை?

முறையாவது மண்ணாவது. அவளுக்கு உள்ளுக்குள் பயம். மனைவி இறந்த பிறகு எல்பியோ ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. மகள் அங்கிருந்து, "தனியா என்னப்பா பண்றீங்க, வந்துடுங்க" என்று நச்சரிக்கிறாள் என்று ஊரே பேசிக்கொண்டது. போவாரா, இருப்பாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸுல்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கவோ வாய் வரவில்லை. சூடு கண்ட பூனை அல்லவா அவள்.

பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பல் கட்டிவிட்டார்கள். பனியில் முதல் காலை வைத்ததும் நறுக்கென்றது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தது நீலமாக இருந்தது. வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னும் நீலம். அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் அவளை இழுத்துக்கொண்டு போய் ஊரில் ஓடும் யீ ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டது.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு. சாயங்காலம் தையல்கடை மூடியதும், அம்மாவின் தக்கை மூடிப் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடுவாள். எல்பியோ முன்னமே வந்து காத்திருப்பான். எலும்பும் தோலுமாக இருப்பான். ஒல்லி என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு உதட்டைச் சுட்டுக்கொள்வான். அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக இலையோடு காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போடுவாள். தண்ணீர் ஆறி, இலை வெளுத்து, இருட்டிக் கொசு பிய்த்தெடுக்கும்வரை குடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஒரு காலம் இருந்தது.

பிறகு ஊரில் வேலை இல்லாமல் போனது. ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறப் போகிறேன் என்றான். மான்டிவிடியோ துறைமுகத்துக்குப் புறப்பட்ட பேருந்தின் ஜன்னல் வழியாக அவள் கடைசியாக ஒரு குடுவை நீட்டினாள். குடித்தான், திருப்பிக் கொடுத்தான், அவள் கண்ணைப் பார்த்து, "நன்றி, ஸுல்மா" என்றான். அவ்வளவுதான். அவளும் பிற்பாடு மருந்துக்கடை ரூபெனைக் கட்டிக்கொண்டாள். ரூபென் தங்கமான மனுஷன், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கண் மூடும்வரை அவர் காப்பி குடிப்பவராகவே இருந்தார்.

"காலை அகட்டி வைங்க! அழுத்தி மிதிச்சு நடங்க!" என்று முன்னால் ஐலின் கத்தினாள். ஸுல்மாவுக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். திரும்பினால், எல்பியோ சரிவில் வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். முதுகுப் பை அடிபடக் கூடாதென்று உடம்பைத் திருப்பி, நெஞ்சு பனியில் தேய, கீழே ஒரு மேட்டில் முட்டி நின்றார்.

"டேய் ஒல்லி!"

அந்தக் கூப்பாட்டைச் சங்கம் முழுவதும் கேட்டது. கூப்பிட்டவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஐலின் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். "நன்றி, நன்றிம்மா," என்றார் எல்பியோ. மிர்த்தா தலையில் அடித்துக்கொண்டாள். "விழுந்தும் புத்தி வரலையே!"

"பிளாஸ்க் பத்திரமா இருக்கு," என்றார் எல்பியோ, மூச்சு வாங்க.

"பிளாஸ்க் கெடக்கு, கை கால் இருக்கா பாரு முதல்ல!" என்றாள் ஸுல்மா. மூன்று நாளில் அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

நடை முடியும் இடத்தில், பனியின் மேலேயே ஒரு மரமேசை போட்டிருந்தார்கள். ஐலின் கோடரியால் பனியைக் கொத்தி, கோப்பைகளில் போட்டு விஸ்கி ஊற்றினாள். அது அங்கே வழக்கம். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஸுல்மா மட்டும் எல்பியோவின் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, குடுவையில் இலையைப் போட்டு, குழலைச் செருகி, வெந்நீர் ஊற்றினாள்.

நேராக எல்பியோவிடம் நீட்டினாள்.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். நின்றார். "ஆரஞ்சுத் தோல் போட்டிருக்க."

"குளிருக்கு நல்லது," என்றாள் அவள். காலையில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் உரித்துக் கைக்குட்டையில் முடிந்து வந்ததை அவரிடம் சொல்வாளா என்ன?

குடுவை களகளவென்று ஒலிக்கும்வரை குடித்தார். திருப்பி நீட்டினார். வாய் திறந்தது. மிர்த்தா விஸ்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திறந்த வாயை எல்பியோ அப்படியே மூடிக்கொண்டார்.

ஸுல்மா மறுபடி ஊற்றி மறுபடி அவரிடமே கொடுத்தாள்.

"ஏய், அடுத்த முறை என்னுதுடி!"

"உன் கையில விஸ்கி இருக்குல்ல? அதைக் குடி."

மிர்த்தா வாயைப் பொத்திக்கொண்டு மற்றவர்களை அப்பால் ஓட்டிப் போனாள். இவர்கள் இருவரும் நின்றார்கள். ஊற்றினாள், குடித்தார். ஊற்றினாள், குடித்தார். இலை வெளுத்துவிட்டது.

"ருசியே போயிருச்சு. போதும்னா சொல்லிடு," என்றாள். அவள் மாத்தேயைப் பற்றிக் கேட்கவில்லை.

எல்பியோ குடுவையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பஸ்ல சொன்னது வாய்ப்பழக்கம். ஆனா அன்னிக்கு ஜன்னல்ல வேணும்னேதான் சொன்னேன். எனக்காக உக்காந்து நீ வீணாப் போயிடக் கூடாதுன்னு. அதைச் சொல்லிட்டு மான்டிவிடியோ வரைக்கும் அழுதேன், ஸுல்மா. இப்போ பொண்ணுகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன். இனி உங்கிட்ட அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது. ஊத்து."

ஸுல்மா பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூடியை இறுக்கித் திருகி, அவர் பையில் தானே நிமிர்த்தி வைத்தாள்.

"கீழ குடிசைல வெந்நீர் கிடைக்கும்," என்றாள். "பார்த்து நட, ஒல்லி."