காது கொடுக்கும் சுருட்டு

சுருட்டுக் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஈரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சுவரில் மாட்டியிருக்கும் ஈரமானியிடம் போய் நிற்பான். முள் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்று பதறுவான். இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இலை நொறுங்கிவிடும் என்று பதறுவான். நடுவில் நின்றால்தான் டீ குடிப்பான். "ஈரம் எப்படி இருக்கு?" என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவனையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இத்தனை வருடம் சுருட்டோடு வாழ்ந்தவன் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை. கேட்டால், "பிள்ளை மாதிரி வளக்கிறேன். பிள்ளையப் போய் யாராவது பத்தவைப்பாங்களா?" என்பான்.

பற்றவைப்பது முதலாளியின் வேலை. அவருடைய நாக்கு அந்தத் தொழிலில் பெயர்போன நாக்கு. மற்றவர்கள் நாக்கால் ருசி பார்ப்பார்கள். அவர் நாக்கால் கேட்பார். காரமான சுருட்டிடம் கேட்க ஒன்றுமில்லை. அதற்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு, அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். கியூபாவிலிருந்து வருகிற சாதுவான சுருட்டு அப்படியல்ல. பக்கத்தில் யார் எதைப் பேசினாலும் காது கொடுத்துக் கேட்டு, உள்ளே வைத்துக்கொள்ளும். பற்றவைத்தால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடும்.

இது நாலு பேருக்குத் தெரிந்த விஷயம்தான். ஒரு வாத்தியார் வீட்டு அலமாரியில் கொஞ்ச காலம் இருந்த பெட்டியை வாங்கியவர்கள் எல்லாரும் புகையை விடும்போது ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தார்கள். அந்த வீட்டுப் பையன் தப்பாகச் சொல்லும் இடத்தில் தப்பாகவே சொன்னார்கள். பல் டாக்டர் வீட்டில் வைத்திருந்த சுருட்டைப் பிடித்த ஒருவருக்கு அதன்பிறகு வாய் மூடவேயில்லை. அவர் இன்னும் இருக்கிறார். சந்தேகமிருந்தால் போய்க் கேட்கலாம். வாய் திறந்தே இருப்பதால் பதில் சொல்ல அவருக்குச் சிரமமில்லை.

அந்தக் கோடையில் கிடங்கின் குளிர் மெஷின் படுத்துவிட்டது. காரச் சுருட்டுகள் தாக்குப்பிடிக்கும். ஆனால் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது ஒரு பெட்டி: முதலாளி தானே பொறுக்கி வரவழைத்தவை, எல்லாச் சுருட்டுகளிலும் சாதுவானவை. முதலாளி ஈரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக இடம் தேடினார். எங்கேயும் முள் அசையவில்லை. ஈரத்தின் வீட்டுப் படுக்கையறையில் நுழைந்ததும் நேராக நடுவில் போய் நின்றது.

பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் புண்ணியத்தில் அந்த அறையின் சுவர் எந்நேரமும் ஓதம் ஊறிக் கிடக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பூசச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த ஈரத்தின் மனைவி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தாள். முதலாளி நாடி பார்ப்பதுபோல் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இந்தச் சுவத்த எவனாவது பூசினான்னா கையை ஒடிச்சிருவேன்," என்றார்.

மனைவி புருஷனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கட்டளைகள் வரிசையாக வந்தன. அந்த அறையில் பவுடர் கூடாது. தலைக்கு எண்ணெய் கூடாது. வெங்காயத்தை மொட்டை மாடியில்தான் நறுக்க வேண்டும்.

"பேச்சு, முதலாளி?" என்று கேட்டான் ஈரம்.

"கதவைச் சாத்தி வை. பெட்டி கெட்டுச்சுன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு." சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் அதே செருமல் கூடத்திலிருந்து வந்தது. ஈரம் திடுக்கிட்டுத் திரும்பினான். நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒரு களங்கமும் இல்லாமல்.

"அத்தை!"

"என்ன மாப்ளே? தொண்டையில ஏதோ அடைச்சுது."

அன்றிலிருந்து கட்டில் பெட்டிக்கு, கூடத்துப் பாய் இவர்களுக்கு என்று ஆயிற்று. ஈரம் கடைக்குப் போகுமுன் மூடியைச் சற்றே திறந்து காற்றாடவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போவான். திரும்பி வந்து, அறையில் மாட்டியிருந்த இன்னொரு ஈரமானியின் முள்ளைப் பார்ப்பான். நடுவில் நிற்கும். இரவில் நிம்மதியாகத் தூங்குவான். கதவு என்று ஒன்று இருந்தால் அதைத் திறக்கவும் முடியும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்றியது, முதலாளி ருசி பார்க்கக் கேட்டார் என்று பெட்டியை எடுத்துப்போக வந்த நாளில். வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே வந்துவிட்டான். அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் மாமியார். மடியில், குழந்தையைக் கிடத்தியதுபோல், மூடி திறந்த பெட்டி.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"பேசிட்டிருக்கேன்."

"யார்கிட்ட?"

"இதுங்ககிட்டதான். எவ்வளவு பொறுமை தெரியுமா மாப்ளே! நடுவுல எந்திரிச்சுப் போறதில்ல. 'அப்புறம் பேசலாம் அத்தை'ன்னு சொல்றதில்ல. மத்தியானம் நீங்க கடையில, இவ மெஷின்ல. எனக்குன்னு பேச யாரு இருக்கா?"

ஈரம் பெட்டியின் மூடியைச் சாத்தினான். "முதலாளியப் பத்தி ஏதாவது...?"

"ஏதாவதா? கஞ்சப் பிசினாரின்னு சொன்னேன். உங்களப் போட்டு வாட்டுறான்னு சொன்னேன். அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதுன்னு ஆரம்பிச்சேன், இன்னும் முடிஞ்சபாடில்ல."

"அம்மா முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோர்த்தபடி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஈரம் தன்னாலான பரிகாரத்தைத் தொடங்கினான். மூடியை விரலளவு திறந்து, உள்ளே குனிந்து, "முதலாளி தங்கமான மனுஷன்," என்றான். "அவர மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் குடுத்து வச்சிருக்கணும். கஞ்சத்தனம்னா அவருக்கு என்னன்னே தெரியாது." பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். இறங்கும்வரை அவன் விடவில்லை. வாழ்நாளில் அவன் சொன்ன பொய்களை எல்லாம் கூட்டினாலும் அந்தப் பயணத்தில் சொன்னதற்கு ஈடாகாது.

கடையின் பின்னறையில் முதலாளி காத்திருந்தார். மெஷின் இன்னும் சரியாகவில்லை. அறை சுண்ணாம்புக் காளவாய் மாதிரிக் காய்ந்து கிடந்தது. சுவரில் முள் இடது கோடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு சுருட்டை எடுத்தார். காதோரம் உருட்டினார். நுனியை வெட்டினார். பற்றவைக்காமலே ஒரு முறை காற்றை இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தேவதாரு மரச் சீவலைக் கொளுத்தி, அந்தத் தீயில் சுருட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். கதவருகில் ஈரம் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்தபடி நின்றான்.

முதல் இழுப்பிலேயே முதலாளியின் முகம் கோணியது.

"கசக்குதே. பஸ் சத்தம் கேக்குது. யாரோ என்னைப் புகழுறான்." இன்னும் ஒரு இழுப்பு. "பொய். ஒண்ணுவிடாம பொய். அதான் இந்தக் கசப்பு."

ஈரம் தரையைப் பார்த்தான்.

"கடைசியாக் கேட்டது மேலாப்புல நிக்கும். எரியட்டும், போயிடும்," என்று முதலாளி சாய்ந்துகொண்டார்.

கசப்பு எரிந்து போயிற்று. அடுத்து வந்த புகை, வரும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது. முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். புகை நாற்காலியைச் சுற்றி நடந்தது, அவர் நடப்பது மாதிரியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பார்த்தவன் ஈரம் ஒருவன்தான் என்றாலும், அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது பஸ்ஸிலேயே நிரூபணமாகிவிட்டது.

"கஞ்சப் பிசினாரி," என்றார் முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு, ருசியை அடையாளம் சொல்லும் அதே குரலில். "பால் வாசனை. ஈர மரம். நெஞ்சுல ஈரமே கிடையாது." சுருட்டை எடுத்துப் பார்த்தார். "இனிப்பா இருக்குப்பா. திட்டு இவ்வளவு இனிப்பா இருந்து நான் பாத்ததில்ல. யாரு இது?"

"மாமியாருங்க."

"செருமல் அச்சு அசலா இருக்கு. ஆனா நான் ரெண்டு தடவை செருமுறதில்ல. மூணு."

"சொல்லிடறேங்க."

ஈரம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தான். முதலாளி அதைக் கவனிக்கவில்லை. சுருட்டு பாதியைத் தாண்டிவிட்டது. இழுத்தார், இருந்தார், இழுத்தார். சாம்பல் விரல் நீளத்துக்கு வளர்ந்தும் விழாமல் நின்றது, விழுந்தால் சத்தம் கேட்குமே என்று பயந்ததுபோல. ஊரெல்லாம் பெயர்போன அந்த நாக்குக்கு வார்த்தை கிடைக்காமல் போனதை ஈரம் அன்றுதான் பார்த்தான்.

"தினம் தினம் கேட்டது மட்டும்தான் நடு இலை வரைக்கும் இறங்கும்," என்றார் கடைசியில், மெதுவாக. "இந்தா. இது எனக்கு வந்தது இல்ல. நீ இழு."

"நான் பிடிக்கிறதில்லைங்க, முதலாளி."

"பிடிக்கச் சொல்லல. கேளுன்னு சொல்றேன்."

ஈரம் வாங்கி, குழந்தைக்கு முத்தம் கொடுப்பவன்போல் உதட்டில் வைத்தான்.

முதலில் ஒன்றுமில்லை, பால் மாதிரி ஒரு சூடு. பிறகு தொட்டி சொட்டும் சத்தம். தையல் மெஷின் ஓடி நிற்கும், ஓடி நிற்கும். நிற்கும்போதெல்லாம் மனைவி ஏதோ முணுமுணுக்கிறாள். பாட்டு. அவளுக்குப் பாட வரும் என்பதே அவனுக்குத் தெரியாது. மாமியாரின் குறட்டை, அதற்கு நடுவே விழித்துக்கொண்டு சுருட்டுகளிடம் சொல்கிறாள்: "மாப்ள அசடுதான். ஆனா அவரு முகம் வாடினா எனக்குச் சோறு இறங்கமாட்டேங்குது, என்ன பண்ணச் சொல்றீங்க?" வெயில் சுவரில் நகர்கிற சத்தம்கூடக் கேட்டது. இது அவன் வீடு. அவன் இல்லாத நேரத்து வீடு. எந்த மனிதனும் தன் வீட்டை அப்படிப் பார்த்ததில்லை. தான் போய் நின்ற மாத்திரத்தில் அது தான் இருக்கிற வீடாக மாறிவிடுமே.

பிறகு மிகவும் உள்ளே, இலையின் நரம்பில், பூட்டில் சாவி திரும்பும் சத்தம். அவனுடைய சாவி. மெஷின் நிற்கிறது. பாட்டு நிற்கிறது. வீடே ஒரு மூச்சை இழுத்துப் பிடிக்கிறது. "வந்துட்டாரு," என்கிறாள் மனைவி, யாருக்கென்றும் இல்லாமல். அந்த ஒரு சொல்லுக்குள் விளக்கு ஏற்றியது மாதிரி ஒரு வெளிச்சம். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுக்குப் பின்னால் இது நடந்திருக்கிறது. அவன் உள்ளே வந்து முள்ளைத்தான் பார்த்திருக்கிறான்.

சுருட்டை உதட்டிலிருந்து எடுத்தான். சாம்பல் அப்போதுதான் விழுந்தது.

"இந்தப் பெட்டிய விக்க முடியாது," என்றார் முதலாளி.

"தெரியும், முதலாளி. அதான் சாவிய வச்சுட்டேன்."

"யாரு கேட்டா உன் சாவிய? எடுத்து இடுப்புல சொருகு." செருமினார். ஈரம் எண்ணினான், மூன்றுதான். "என் வீட்டு அலமாரியிலயும் ஒரு பெட்டி வச்சிருந்தேன், இதே சாதுதான். பத்தவச்சா ஒண்ணும் வராது. கடிகாரம் மட்டும் ஓடும்." எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றார். "இது எனக்கு வேணும். அடுத்து வர்ற பெட்டிய உன் வீட்டுக்குக் கொண்டு போ. அந்தம்மா இன்னும் முடிக்கலைன்னு தோணுது."

அவர் முகத்தைப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஈரம் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தான். காய்ந்து கிடந்த அந்த அறையில், இடது கோடியில் ஒட்டிக்கொண்டிருந்த முள், நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் சாவியைப் பூட்டில் வைத்தவன் திருப்பாமல் நின்றான். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றபோது அந்த முணுமுணுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து, "என்ன, பூட்டு மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நல்லா வேலை செய்யுது," என்று சொல்லிவிட்டு, நன்றாகச் சத்தம் கேட்கும்படி சாவியைத் திருப்பினான்.