சுனிதாவின் ஈரலுக்குள் யார்?

1
இந்தக் கதை என்னுடையதல்ல. நீலசந்திராவில் எங்கள் மாடியில் குடியிருக்கும் சுனிதா சொன்னது. பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள். "எழுதுக்கா. ஆனா என்னைச் சாகடிச்சுடாத," என்றாள். ஆகவே வாசகரே, தைரியமாகப் படியுங்கள்.

2
முதல் தொடக்கம்: 'மாலை வெயிலின் பொன்னிறம் அவள் கண்களில்...' (அடித்துவிட்டேன். காமாலைக்கு இவ்வளவு அலங்காரம் ஆகாது.)

இரண்டாவது: கண் மஞ்சளானது. ரத்தம் கொடுத்தாள். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான ஆன்டிபாடி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அன்றைக்கே அவள் கணவன் உமேஷ் அத்திபெலேயில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான்.

3
உமேஷை வில்லனாக்கப் பார்த்தேன். மசியவில்லை. தான் பச்சை குத்திக்கொண்ட ஊசி வழியாக நோயைக் கொண்டுவந்துவிட்டதாகப் போனில் அழுதானாம். (தனக்கும் ஒட்டிவிடும் என்ற பயமும் இருந்திருக்கலாம். எது நிஜம் என்று பார்க்க எந்த லேபிலும் டெஸ்ட் இல்லை.)

4
ஈரல் டாக்டர் கிருத்திகா அவசரப்படவில்லை.

"ஆன்டிபாடி சில சமயம் பொய் சொல்லும்மா. வைரஸே இருக்கான்னு பாத்துடலாம்."

பார்த்தார்கள். இல்லை. மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை. ஆனால் உடம்பு தன்னையே தாக்குவதற்கான அடையாளங்கள் ரத்தத்தில் நிறைய இருந்தன. ஈரலிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்ததில் உறுதியானது.

"அப்ப உள்ள யாரு டாக்டர்?"

"வெளியாள் யாரும் இல்ல. உங்க உடம்போட காவல்காரங்களே ஈரலை எதிரின்னு நினைச்சு அடிக்கிறாங்க. ஸ்டீராய்டு குடுத்து அடக்கலாம். வைரஸ்னு நினைச்சு விட்டிருந்தா, ஈரல் கெட்டுக்கிட்டே போயிருக்கும்."

சுனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பொங்கியது. என்னாச்சோ என்று நர்ஸ் கன்னடத்தில் "ஏனாய்த்தம்மா?" என்று கேட்டபடி ஓடிவர, டாக்டரும் சிரித்துவிட்டார். (இதை எழுதும்போது நானும் சிரித்து, ஒரு வாக்கியத்தைப் பாதியில்

5
மஞ்சள் இறங்கிவிட்டது. மாத்திரையால் முகம் பூரியாக உப்பி, இரண்டு மசால் தோசை போதாமல் மூன்றாவதும் கேட்கிறாள். இங்கேயே முடித்திருப்பேன். சுனிதா வீட்டுக் காலிங் பெல் அடித்தது.

உமேஷ். கையில் மைசூர்பாக்.

"எனக்கும் டெஸ்ட் எடுத்தேன் சுனி, ஒண்ணுமில்ல. உனக்கும் ஒட்டுற வியாதி இல்லியாமே."

"வைரஸா இருந்தாலும் ஒரே தட்டுல சாப்பிட்டா ஒட்டாதாம். டாக்டரைக் கேட்டுட்டேன்." கதவைப் பாதி திறந்தபடி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "வைரஸாவே இருந்திருந்தா வந்திருப்பியா?"

அவன் பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அழுதான். ஒன்றில் அழகாகப் பொய் சொன்னான். மூன்றாவதில் வாயைத் திறந்தான், அதற்குமேல் எனக்கு ஓடவில்லை. என்ன சொன்னான் என்று சுனிதாவும் சொல்ல மறுக்கிறாள்.

வாசகரே, நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நெய் உருகிப் பை நனைகிறது.