எட்டு நிமிடப் பொய்

அந்தப் பார்சல் நிறுவனத்தின் சர்வர் அறையில் ஒரு விதி உண்டு. அன்றைய பதிவுகளுக்கு நகல் எடுத்து முடியும்வரை, பழையதை அழிக்கும் புரோகிராமின் பக்கமே போகக்கூடாது. மீறினால் வேலை காலி. போன ஆண்டு ஒருவன் அப்படித்தான் மூட்டை கட்டினான்.

அந்த அறையின் மூத்த பொறியாளர் அவள். இன்று மாட்டியது அவளுடைய கொழுந்தன். சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. நகல் ஆறு மணிக்கு முடிந்தது. அழிக்கும் புரோகிராமோ ஐந்து ஐம்பத்து நான்குக்கே கிளம்பியதாகத் திரை சொன்னது.

"முடிஞ்சதைப் பாத்துட்டுத்தான் ஓட்டினேன் அண்ணி" என்றான்.

மேலாளர் கையை உயர்த்தினார். "நீங்க தலையிடாதீங்கம்மா. உங்க வீட்டுப் பையன், வக்காலத்து வாங்கத்தான் செய்வீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தச் சர்வர்களை வருடக்கணக்காகக் கட்டி மேய்த்தவள் அவள். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் தொண்டை கிழியப் பேசினாலும் எடுபடாது. மிஷினே பேசினால்தான் உண்டு. அது எங்கே உளறும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"நான் ஒண்ணும் சொல்லல சார். நீங்களே ஒரு புரோகிராம் ஓட்டுங்க, எதுவானாலும் சரி."

அவர் உட்கார்ந்து தட்டினார். சர்வரின் கடிகாரத்தில் ஆறு முப்பது, சுவரிலும் அதே. அவர் இப்போதுதான் தொடங்கிய புரோகிராம் ஆறு இருபத்திரண்டுக்கே தொடங்கியதாகத் திரை அடித்துச் சொன்னது.

"அப்ப நீங்க கான்டீன்ல டீ குடிச்சிட்டு இருந்தீங்களே சார்!" என்றாள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பழைய மிஷின் சார். புரோகிராம் தொடங்கறப்ப மணி பாக்காது. ஆன் பண்ணதுல இருந்து தானா ஒரு எண்ணிக்கை வெச்சுக்கும், கேட்டா ஆன் பண்ண நேரத்தோட அதைக் கூட்டிச் சொல்லும். ரெண்டு வருஷமா நிறுத்தவே இல்ல, எண்ணிக்கை பின்தங்கிடுச்சு. நெட்வொர்க் வந்து திருத்தறது மணி காட்டற கடிகாரத்தை மட்டும்தான், இந்த எண்ணிக்கையை இல்ல. நகல் முடிஞ்ச ஆறு மணி அந்தக் கடிகாரம் பாத்து எழுதினது, அப்ப இவன் ஓட்டினது ஆறு ரெண்டுக்கு."

"தப்பு என்மேலதான் தம்பி" என்றார் மேலாளர், திரையைப் பார்த்தபடியே.

வெளியே வந்ததும் கொழுந்தன் கேட்டான். "நீ செஞ்சியான்னு ஒரு வார்த்தைகூட என்னைக் கேக்கலையே அண்ணி?"

"எதுக்கு? என் போனை உடைச்சப்ப, நான் பாக்கறதுக்கு முன்னாடியே ஓடிவந்து சொன்னவன் நீ."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழட்டும் என்று அவள் கொஞ்சம் முன்னால் நடந்தாள்.